இருளை உமிழும் விளக்கு

'டாய் ஸ்டோரி'யை மறுபடி பார்த்தபோது கண் பொம்மைகளை விட்டுவிட்டுத் தரைப்பலகையில் போய் நின்றுகொண்டது. 1995-இல் வந்த அந்தப் படத்தில் எந்தப் பரப்பு பளபளக்க வேண்டும், எது மங்க வேண்டும் என்று சொல்லவே தனியாக ஒரு கணினிமொழி இருந்தது: ரெண்டர்மேன் ஷேடிங் மொழி. பாட் ஹான்ரஹானும் ஜிம் லாசனும் 1990-இல் அதன் இலக்கணத்தைக் கட்டுரையாக எழுதினார்கள். மற்ற மொழிகளுக்கு எண்ணும் எழுத்தும் அடிப்படை என்றால் இதற்கு அவற்றோடு நிறமும் புள்ளியும். எனக்குப் பிடித்தது, அதில் வெளிச்சத்துக்குக் கழித்தல் குறி போடலாம் என்பதுதான். அறையின் ஒரு மூலை இருட்ட வேண்டுமா? இருளை உமிழும் விளக்கு ஒன்றை அங்கே வைத்துவிடலாம்! இயற்பியல் வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுப்பார். பின்னால் சோனி இமேஜ்வொர்க்ஸ் உருவாக்கிய ஓஎஸ்எல் என்ற இன்னொரு ஷேடிங் மொழி, விளக்குக் கணக்கையே நிரல் எழுதுபவர் கையிலிருந்து வாங்கிவிட்டது. பரப்பின் சுபாவத்தை மட்டும் சொல், மிச்சத்தைப் படத்தைக் கணக்கிட்டு வரையும் ரெண்டரர் பார்த்துக்கொள்ளும் என்கிறது. படங்கள் இன்னும் நிஜமாகிவிட்டன, சரிதான். எனக்கென்னவோ அந்த இருட்டு விளக்கின் மேல்தான் ஆசை.