புல்வெளியும் காடே

மலை என்றவுடன் மரம் அடர்ந்த காடே பலர் மனத்தில் எழுகின்றது. நீலகிரியின் உச்சிப் பரப்பையோ இயற்கை வேறு வகையாக அமைத்துள்ளது. முகடுகளிலும் சரிவுகளிலும் புல். ஓடை பாயும் மடிப்புகளில் மட்டும் சோலை. குளிர்காலத்து உறைபனி, திறந்த வெளியில் முளைக்கும் சோலைமரக் கன்றுகளைக் கருக்கிவிடும். அதனாலேயே அம்மரங்கள் பள்ளங்களில் ஒதுங்கி நிற்கின்றன.

ஒரே மலையில் எத்தனை உறைவிடங்கள்! தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்கொள்ளும் மேற்குச் சரிவில் மழைக்காடு செழித்துள்ளது. மழை குறைந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில், முட்புதர்களிடையே வெளிமான் திரிகின்றது. சோலையில் கருமந்தி வாழ்கின்றது. முக்குர்த்திப் புல்வெளியில் நம் மாநில விலங்காகிய வரையாடு மேய்கின்றது. புலியோ சிறுத்தையோ வரக் கண்டால், வரையாடு செங்குத்தான பாறைக்கு ஓடும். மர மறைவை நாடாது. பகையைத் தொலைவிலேயே காணத் திறந்த வெளி, தப்புவதற்குப் பாறை, மேய்வதற்குப் புல் ஆகிய மூன்றும் அதற்கு ஒருங்கே வேண்டும். நெட்டைக்காலி என்னும் சிறு பறவையும் அப்புல்லிடையே, தரையில்தான் கூடு கட்டுகின்றது.

இத்தகைய நிலத்தை ஆங்கிலேயர் பாழ்நிலம் என எண்ணினர். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் தைல மரத்தையும் கொணர்ந்து நட்டனர். விடுதலைக்குப் பின் நாமும், தோல் பதனிடப் பட்டையும் செயற்கைப் பட்டிழைக்கு மரக்கூழும் வேண்டி அவற்றைப் பெருக்கினோம். உறைபனிக்கு அஞ்சாத சீகை, நடாத இடங்களிலும் பரவியது. தோடர்களின் எருமைகளுக்கும் மேய்ச்சல் நிலம் சுருங்கியது.

“மரம் நடுதல் நற்செயல் அன்றோ?” என நீங்கள் வினவலாம். நற்செயலே, ஆனால், புல்லை அழித்து நட்ட மரம் வரையாட்டுக்கு என்ன பயன் தரும்?

எனினும், சீகையை ஒரே மூச்சில் வெட்டி வீழ்த்துவதும் தக்கதன்று. மண்ணில் புதைந்த அதன் விதைகள் பல்லாண்டுகள் கழிந்தும் முளைக்கும். முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தலைகாட்டும் இடங்களும் உண்டு; அங்கே கோடரி சற்றுப் பொறுத்திருக்கலாம். இன்னும் புல்லாகவே எஞ்சியுள்ள சரிவுகளைக் காப்பதுதான் முதற்பணி என்பது என் கருத்து. அவற்றின் ஓரங்களில் முளைக்கும் சீகைக் கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு களைய வேண்டும். தமிழக அரசு 2022இல் அறிவித்த வரையாட்டுத் திட்டத்தில் புல்வெளி மீட்பும் இடம்பெற்றுள்ளது. மரக்கன்றுகளையே வளர்த்துப் பழகிய நாற்றங்கால்களில், இனி மலைப்புல்லின் நாற்றுகளும் வளர வேண்டும்.