டார்சியின் கையில் ஒரு செல்போன்

சென்ற மாதம் எங்கள் சபைப் பாடகர் குழு ஒத்திகையில் ஒரு விபரீத வாதம் கிளம்பியது. "அந்தக் காலத்திலேயே செல்போன் இருந்திருந்தால் பாதிப் பாட்டுகள் பிறந்தே இருக்காது" என்றார் நண்பர் ஒருவர். அவர் உதாரணம் காட்டியது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் காஸ்பல் இசைக்குத் தந்தை எனப்படும் தாமஸ் டார்சியை.

1932 ஆகஸ்டில், நிறைமாத மனைவி நெட்டியைச் சிகாகோவில் விட்டுவிட்டு, சுமார் 480 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செயின்ட் லூயிஸ் நகருக்குப் பாடப் போனார் டார்சி. அங்கே தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுதியதுதான் 'டேக் மை ஹேண்ட், பிரஷியஸ் லார்ட்'. 1968ல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹலியா ஜாக்சன் பாடியதும் இதையே.

நானும் கற்பனை செய்து பார்த்தேன். டார்சியின் சட்டைப்பையில் செல்போன். வலி கண்டதுமே பக்கத்து வீட்டு அம்மாளிடமிருந்து பத்து மிஸ்டு கால். மனிதர் பியானோவை அப்படியே போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார். மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள நேரத்துக்குப் போய்ச் சேருகிறார். பாட்டு பிறக்கவில்லை. போகட்டுமே!

நண்பருக்குப் பிடிக்கவில்லை. "துக்கம் இல்லாமல் காஸ்பல் ஏது? மெஷின் வந்தால் பக்தி போய்விடும்" என்றார். மெஷினைக் கண்டு காஸ்பல் பயந்ததே இல்லை. 1935ல் வந்த ஹாமண்ட் மின்சார ஆர்கனைக் கறுப்பினத் திருச்சபைகள் சொந்தமாக்கிக்கொண்டன. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் எலெக்ட்ரிக் கிதாரை மாட்டிக்கொண்டே ஆண்டவரைப் பாடினார். துக்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

1986ல் தில்லியில் எனக்கும் தந்தி வந்தது. 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு.' தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து பஸ்ஸில் நாகர்கோவில். மூன்றாம் நாள் போய் இறங்கினேன். வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டு ஒன்றும் வரவில்லை. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பலரும் உருகினார்கள். நான் உருகவில்லை.

செல்போனையும் தலையில் வைத்து ஆடமாட்டேன். 2020ல் ஊரடங்கின்போது என் அண்ணனின் அடக்கத்தை அதில்தான் பார்த்தேன். பாதியில் படம் நின்றுவிட்டது. "சித்தப்பா, தெரியுதா? தெரியுதா?" என்று அண்ணன் மகன் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

வரும் ஞாயிறு ஒத்திகைக்கு டார்சியின் பாட்டைத்தான் எடுத்திருக்கிறோம். எல்லாரும் செல்போனை அணைத்துவிட வேண்டும் என்று நண்பர் கட்டளை. நான் அணைப்பதாக இல்லை.