நெட்டையர்களுக்கு ஒரு சீட்

உயரமாகப் பிறந்தவனுக்கு நம் ஊரில் இரண்டு தொல்லைகள். ஒன்று, பழைய வீடுகளின் வாசல் நிலை. இன்னொன்று, மோட்டார் சைக்கிள் சீட். நிலையில் ஒருமுறை மண்டையை இடித்துக்கொண்டால் மறுமுறை குனிந்து போகப் பழகிவிடலாம். சீட்டுக்கு அப்படிப் பழக முடியாது. நூறு கிலோமீட்டர் தாண்டியதும் முட்டியும் இடுப்பும் கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடும்.

நான் 6 அடி 1 அங்குலம். புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவனுக்கு மாற்றல் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரைக்கால், மாஹே, ஏனாம் என்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். எனக்குக் காரைக்கால் வாய்த்தது. வெள்ளிக்கிழமை மாலை அங்கிருந்து கிளம்பி தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாக வீட்டுக்கு வருவேன். ஏறக்குறைய 130 கிலோமீட்டர். திங்கட்கிழமை விடியற்காலையில் திரும்பவும் அதே வழி. நான்கு வருடம் இப்படி ஓட்டியவன் என்பதால், இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இப்போது பேசக் காரணம் என் பேரன். அவன் என்னைவிட ஓர் அங்குலம் கூடுதல். நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் மாஹே போகப் போகிறானாம். ஒரு வழி மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் சீட்டை மாற்றிக் கட்ட வேண்டும் என்றான். "புது வண்டி, புது சீட்டு. அதுக்கு என்ன கேடு? இதெல்லாம் சொகுசு" என்றான் அவன் அப்பா. இந்த வழக்கில் நான் பேரன் பக்கம்.

முதலில் ஒரு பொதுவான நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் வலிக்கிறதா, இன்னும் கொஞ்சம் பஞ்சு வை, மெத்தென்று ஆக்கு என்பார்கள். கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது மெத்தென்ற சீட் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவது இடுப்பின் அடியில் உள்ள இரண்டு எலும்புகள். மெத்தையான ஸ்பாஞ்சில் அந்த எலும்புகள் அமிழ்ந்து அடிப்பலகையைத் தொட்டுவிடும். சுற்றியுள்ள சதை அழுந்தும், ரத்த ஓட்டம் குறையும், மரத்துப்போகும். கெட்டியான சீட் முதல் பத்து நிமிடம் முரட்டுத்தனமாகத் தெரியும். மூன்றாவது மணி நேரத்தில்தான் அதன் அருமை தெரியும்.

உயரமானவனுக்கு இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வண்டி விளம்பரத்தில் சீட் உயரம் என்று ஓர் எண் போடுவார்கள். ஸ்பிளெண்டருக்கு 785 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350க்கு 805, மீட்டியோருக்கு 765. இது தரையிலிருந்து சீட் வரை உள்ள அளவு. கால் தரையில் ஊன்றுமா என்பது குட்டையானவரின் கவலை, அவருக்கு இந்த எண் உதவும். நெட்டையானவனின் கவலை சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பது. அந்த எண்ணை யாரும் பெரிதாகப் போடுவதில்லை.

அந்த இடம் குறைந்தால் என்ன ஆகிறது? முட்டி மடங்கி இடுப்பைவிட மேலே எழும்பிவிடுகிறது. தொடை சீட்டின் மேல் படிவதில்லை. தொடை தாங்க வேண்டிய பாரமும் சேர்ந்து பின்பக்கத்திலேயே இறங்குகிறது. இடுப்பு பின்னால் சாய்கிறது, முதுகு கூன் போடுகிறது. வலிப்பது முதுகு, காரணம் முட்டி. இதற்குப் பஞ்சு வைத்து என்ன பயன்?

அந்தக் காலத்து ராஜ்தூத், யெஸ்டி வண்டிகளில் சீட் நீளமாக, பலகை போலத் தட்டையாக இருக்கும். கால் வலித்தால் நாலு விரல் பின்னால் தள்ளி உட்காரலாம். இப்போது பல வண்டிகளில் ஓட்டுகிறவருக்கு ஒரு பள்ளம், பின்னால் உட்காருகிறவருக்கு ஒரு மேடு. பள்ளத்தில் விழுந்தவன் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

ஆகவே பேரனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். சீட்டை ஒன்றரை அங்குலம் உயர்த்து. தூள் ஸ்பாஞ்சை அழுத்திச் செய்த கெட்டி ஃபோம் இருக்கிறது, குஷன் கடையில் ரீபாண்டட் என்பார்கள். அதைக் கீழே வைத்து, மேலே மட்டும் மெல்லியதாக மெத்தென்ற ஒன்று போதும். பள்ளத்தை நிரப்பித் தட்டையாக்கச் சொல். பின்பக்கம் அகலமாகவும் தொட்டிப் பக்கம் ஒடுங்கியும் இருக்கட்டும். வெட்டுவதற்கு முன், கெட்டி ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றைச் சீட் கவருக்குள் வைத்துக் கடலூர் வரை போய் வா. பக்கவாட்டில் ஒருவர் நின்று பார்த்தால் முட்டி இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும்.

சீட் உயர்ந்தால் ஹேண்டில்பார் தாழ்ந்ததுபோல ஆகி உடம்பு முன்னால் வளையும். அதையும் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கலாம். அப்படி ஏற்றினால் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் குழாயும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஃபுட்ரெஸ்ட்டைத் தாழ்த்துவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. வளைவில் வண்டி சாயும்போது தரையில் உரசும்.

இதெல்லாம் வாங்கியவன் தலையில் விழவேண்டிய வேலையா என்பதுதான் என் கேள்வி. நம் சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்தால், கடைக்காரர் ஆளைப் பார்த்து, ஒரு ஸ்பேனரைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் சீட்டை ஏற்றிக் கொடுப்பார். காரில் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம். இரண்டு லட்சம் கொடுத்து வாங்கும் மோட்டார் சைக்கிளில் முடியாதா? முடியும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இல் சீட்டை 825, 845 என்று இரண்டு உயரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வண்டியில் முடிந்தது மற்றவற்றில் ஏன் முடியாது? செருப்புக் கடையில் எல்லோருக்கும் எட்டாம் நம்பர்தான் என்றால் நாம் சும்மா இருப்போமா?

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் கார் இருக்கைக்கு ஒரு சொல், மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு வேறு சொல். பின்னதை 'செல்' என்பார்கள். குதிரைச் சேணத்துக்கும் அதே சொல்தான். சேணம் குதிரைக்கு மட்டும் பொருந்தினால் போதாது, ஏறுகிறவனுக்கும் பொருந்த வேண்டும். வண்டி செய்கிறவர்கள் குதிரையை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

சொகுசு என்ற பேச்சுக்கு என் பதில் இது. வலியோடு ஓட்டுகிறவன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெளிவான். அவன் கவனம் பாதி இடுப்பில் இருக்கும், பாதிதான் சாலையில். எதிரே லாரி வரும் ராத்திரியில் அந்தப் பாதி போதாது. ஹெல்மெட் வாங்கக் கணக்குப் பார்க்காத அப்பாக்கள் சீட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டாம். எங்கள் ஊர்க் கடைக்காரர் சொன்ன கூலி, ஒரு நல்ல ஹெல்மெட் விலைதான்.

உங்கள் வீட்டிலும் வாசல் நிலையில் இடித்துக்கொள்கிற பிள்ளை ஒன்று இருந்தால், அடுத்த தடவை அவன் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் நின்று முட்டியைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே தெரிந்தால் குஷன் கடைக்கு அனுப்பிவையுங்கள். கூடவே ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கவும் சொல்லுங்கள். எவ்வளவு நல்ல சீட்டும் அந்த வேலையைச் செய்யாது.