இஞ்சினும் டிரெய்லரும்

போன மாதம் ஒரு விடியற்காலை, பக்கத்து வீட்டு அக்கா செல்போனை ஸ்பீக்கரில் போட்டபடி எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார். டெக்சாஸிலிருந்து மகள். மாப்பிள்ளைக்கு வேலை போனது முந்தின வாரமே தெரியும். தன் வேலையும் போய்விடும் போலிருக்கிறது என்பதுதான் அன்றைய செய்தி.

"அவருக்குத்தானே கண்ணு வேலை போச்சு? நீ வேற கம்பெனி. உன்னுது எதுக்குப் போகோணும்?"

அக்காவுக்குப் பிடிபடவில்லை. நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டிய மாமாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "இஞ்சின் நின்னா டிரெய்லர் மட்டும் தனியா ஓடுமா?" என்றார்.

விஷயம் அதுதான். கணவருக்கு எச்-1பி வேலை விசா, மனைவிக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. மனைவியின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் அடியில் பொடி எழுத்தில் கணவர் பெயர் இருக்கும். 2017 ஜனவரியில் வந்த விதிப்படி, வேலை போனவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். தங்கும் அனுமதிக் காலத்தைச் சொல்லும் ஐ-94 பதிவின் தேதி அதற்கு முன்பே முடிந்தால் அதுதான் கெடு. அதற்குள் வேறொரு கம்பெனி அவருக்காக மனுப் போட வேண்டும், அல்லது அவர் வேறு விசாவுக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

2015 மே முதல் எச்-4 மனைவிகளில் சிலருக்கு வேலை பார்க்க அனுமதி அட்டை தருகிறார்கள். கணவரின் கிரீன் கார்டு வரிசையில் ஐ-140 மனு ஒப்புதலாகியிருந்தால் கிடைக்கும். அட்டையில் இருப்பது அவள் படம்தான். ஆனால், கணவரின் எச்-1பி போய்விட்டால் அதற்கும் மதிப்பில்லை.

வேலை போனால் மட்டும் என்றில்லை. 2017 பிப்ரவரி 22 அன்று கான்சாஸின் ஒலாத்தேயில், ஹைதராபாத் பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா இனவெறியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சாவோடு மனைவி சுனயனா துமாலாவின் குடியிருப்பு உரிமையும் போனது. கணவருக்குக் காரியம் செய்ய ஊர் வந்தவர், திரும்பிப் போக முடியுமா என்று தவிக்க வேண்டியிருந்தது. கெவின் யோடர் என்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் தலையிட்ட பிறகே வழி பிறந்தது. எல்லாத் தாலிக்கும் ஒரு யோடர் கிடைப்பாரா?

நம் ஊர் ரேஷன் கார்டில் இந்த அக்கா குடும்பத் தலைவி. 2023 செப்டம்பர் முதல் அரசின் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் அவர் கணக்கில் விழுகிறது. பி.இ. படித்து, சொந்தமாகச் சம்பாதிக்கும் மகளோ அங்கே சார்ந்திருப்பவள்.

நம் பக்கம் மாப்பிள்ளை பார்க்கும்போது ஜாதகம் கேட்கிறோம், காடு தோட்டம் கேட்கிறோம், சம்பளத்தை டாலரில் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பார்க்கிறோம். மாப்பிள்ளை அமெரிக்காவா? இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்கள். எச்-1பி பொதுவாக 6 வருஷம்தான். அதில் பாக்கி எவ்வளவு? ஐ-140 ஆகிவிட்டதா? கேட்டால் கோபித்துக்கொள்ளும் சம்பந்தி, நாளை கெடு நாள் எண்ணும்போது வந்து நிற்க மாட்டார்.

பெண்ணுக்கும் ஒன்று சொல்வேன். கையில் வேலை இருக்கும்போதே கம்பெனியைக் கேட்டு, மார்ச் மாத எச்-1பி குலுக்கலில் உன் பெயரையும் போடச் சொல் அம்மிணி. சீட்டு விழாமல் போகலாம். விழுந்தால் அந்த விசா உன் வேலையின் பேரில் நிற்கும்.