உடைந்த ஓடுகளும் உயர்ந்த கோபுரமும்



2009 ஆம் ஆண்டு அகதியாகத் தாயகத்தை விட்டுப் புறப்பட்ட எனக்கு, இடைவழியில் சில மாதங்கள் பாங்கொக் நகரில் தங்க நேர்ந்தது. ஒருநாள் சாவோ பிரயா ஆற்றைப் படகிற் கடந்து, மேற்குக் கரையிலுள்ள வாட் அருண் என்னும் பௌத்த ஆலயத்தைத் தரிசித்தேன். கதிரவனின் தேர்ப்பாகனாகிய அருணனின் பெயர் தாங்கிய ஆலயம் அது. அதன் நடுக்கோபுரம் மூன்றாம் இராமர் எனப்படும் மன்னரின் ஆட்சியில் (1824–1851) நிறைவுற்றது.

தொலைவில் மணிபோல் ஒளிர்ந்த அக்கோபுரத்தை நெருங்கியதும் வியந்து நின்றேன். பூவும் இதழுமாய் அதிற் பதிந்திருந்தவை பீங்கான் துண்டுகளும் கிளிஞ்சல்களுமே! சீனக் கப்பல்களில் அடிப்பாரமாக வந்த பீங்கான் அது என்பர். உடைந்ததென்று எறியாது, ஒவ்வொரு துண்டுக்கும் உரிய இடம் கண்டனர் அக்கைவினைஞர்.

இங்கு நம் பிள்ளைகளின் தமிழும் துண்டு துண்டாகவே வருகின்றது. "நான் பசிக்குது" என்று சொல்லும் பிள்ளையை விருந்தினர் முன்னிலையில் நகைக்கின்றோம். மறுமுறை அப்பிள்ளை தமிழில் வாய் திறப்பதில்லை.

பிழையைத் திருத்த வேண்டாமோ எனக் கேட்பீர்கள். திருத்தத்தான் வேண்டும், ஆயின் தனிமையில், அன்போடு. ஊரில் ஆசிரியனாயிருந்த நாளில் நானும் பிரம்பெடுத்துத் திருத்தியவனே. அங்கே, வகுப்பில் வாய்மூடிய பிள்ளைக்கும் தெருவெல்லாம் தமிழ் இருந்தது. இங்கோ வீடு ஒன்றே உண்டு.

ஆதலால், பெற்றோரே, பிள்ளை தரும் துண்டுகளை இரு கையாலும் ஏந்துங்கள். எறிந்துவிட்டால் பின்னர் பதிப்பதற்கு எதுவும் எஞ்சாது.