ஜிம்முக்குப் போனால் மாரடைப்பு வருமா? வைரல் வீடியோக்கள் சொல்லாத கணக்கு

ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சரிந்து விழுகிறார். ஜிம் சிசிடிவியில் பதிவான இப்படியொரு காட்சி ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்புக்கு வந்தால் போதும். "ஜிம்முக்குப் போய்க் கிழிச்சது போதும், வீட்டுலயே இரு" என்று அடுத்த மெசேஜ் வந்துவிடுகிறது.

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ம் தேதி மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 46. ஃபிட்னஸுக்குப் பெயர்போன "அவருக்கே இப்படின்னா, நமக்கு?" என்று அன்று கிளம்பிய கேள்வி இன்னும் அடங்கவில்லை. அந்தப் பயத்துக்குள் இரண்டு தவறான நம்பிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, உடற்பயிற்சியே ஆளைக் கொல்கிறது என்பது. இன்னொன்று, கட்டுமஸ்தான உடம்பு என்றால் இதயமும் நன்றாகத்தான் இருக்கும் என்பது.

பயிற்சிதான் காரணமா?

35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சியின்போது நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், இதய ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்பு. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும்போது அந்தப் படிவு வெடித்து, ரத்தம் உறைந்து, குழாய் அடைபடலாம். அதைவிட இளையவர்களிடம் பரம்பரையாக வரும் இதயக் கோளாறுகள் முக்கியக் காரணம். பயிற்சி, உள்ளே இருக்கும் பிரச்சினையை வெளியே கொண்டுவருகிறது.

சரி, ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 12 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2000-ல் வெளியானது. கடும் பயிற்சி செய்த சுமார் 15 லட்சம் தடவைக்கு ஒரு திடீர் மரணம் என்பது அதன் கணக்கு.

1993-ல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வு இன்னும் முக்கியமானது. உடலை அசைக்காமல் இருந்துவிட்டு திடீரென்று கடுமையாக உழைத்தவர்களுக்கு, அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 107 மடங்கு உயர்ந்தது. வாரம் ஐந்து முறையோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்களுக்கு அது 2.4 மடங்குதான். அதாவது, பயிற்சியின் ஆபத்திலிருந்து காப்பாற்றுவதே தொடர் பயிற்சிதான்!

இந்தியாவில் 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி ஐசிஎம்ஆர் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, போதைப்பொருள், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிய மது அல்லது கடுமையான உடலுழைப்பு ஆகியவற்றுக்குத் தொடர்பு இருப்பதாக அது சொன்னது.

சிக்ஸ் பேக் இருந்தால் ஓகேவா?

கண்ணாடியில் தெரிவது தசை. கொலஸ்ட்ரால், சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கண்ணாடியில் தெரியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், மற்ற நாட்டவருக்குச் சுமார் 59 வயதில் வந்த முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு 53 வயதிலேயே வந்தது. "போன வாரம்தான் இசிஜி எடுத்தேன், நார்மல்" என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. ஓய்வில் எடுக்கும் இசிஜியில் எல்லா அடைப்பும் தெரிவதில்லை. சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று போடும் ஸ்டெராய்டு ஊசி இதயத்தையே பாதிக்கும்.

என்ன செய்யலாம்?

* சர்க்கரை, பிபி, புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு... இதில் ஒன்று இருந்தாலும், கடும் பயிற்சிக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.
* முதல் நாளே ஃபுல் ஸ்பீடு வேண்டாம். நடையில் தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டுங்கள். வாரம் 150 நிமிடம் மிதமான பயிற்சி, 2 நாள் தசைப் பயிற்சி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
* காய்ச்சல் இருக்கும்போது ஜிம்முக்கு லீவு.
* நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது இடது கையில் வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். "கேஸா இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

2022 நிலவரப்படி, இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஜிம்மில் ஒருவர் விழுந்தால் அது வீடியோவாகிறது. நாற்காலியிலேயே உட்கார்ந்து வருஷக்கணக்கில் சேர்த்துக்கொண்ட நோய் எந்த கேமராவிலும் பதிவாவதில்லை.