மறைத்த மடல் பேசிற்று!

போர் முடிந்தால் வென்றவன் விழா எடுப்பான். தோற்றவன் தாள்களைக் கொளுத்துவான். 1865 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென்னரசின் தலைநகர் ரிச்மண்டு வீழ்ந்தபோது, அதன் ஆவணங்கள் பல தீக்கு இரையாயின. எஞ்சியவற்றை வென்ற அரசு என்ன செய்தது? தன் ஏடுகளுடன் சேர்த்து அச்சேற்றியது!

1880 முதல் 1901 வரை 128 நூல்கள். இரு படைகளின் கட்டளைகள், தந்திகள், களத்தறிக்கைகள் அத்தனையும் அவற்றில் உண்டு. எதிரியின் தாள்களைத் தேடித் திரட்ட, எதிரிப் படையில் தளபதியாக இருந்த மார்க்கஸ் ரைட் என்பவரையே 1878இல் அமர்த்தினர். போர்க்காலத்தில் எழுதியதற்கே இடம். பிற்காலத்தில் புனைந்துரைத்த நினைவுகளுக்கு இடமில்லை.

களத்தறிக்கை எல்லாம் உண்மையா என்று கேட்பீர்கள். இல்லை. தாளில் தோற்ற தளபதி எவன்? ஆனால் இருவர் அறிக்கையையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பொய் தானே பல்லிளிக்கும்.

ஒரு சான்று காட்டுவோம். 1864 சனவரியில் தென்னரசுத் தளபதி பேட்ரிக் கிளிபர்ன், உடன் தளபதிகள் முன் ஒரு மடலைப் படித்தார். அடிமைகளுக்கு விடுதலை தந்து படையில் சேர்த்தாலன்றி நமக்கு வாழ்வில்லை என்பது அதன் சாரம். கொதித்தனர் சிலர். குடியரசுத் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், மூச்சு விடாதீர் என்று கட்டளையிட்டார். மடல் மறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிராங்க்லின் போரில் கிளிபர்னும் மாண்டார்.

போருக்குப் பின் தென்னவர் பலர் என்ன கூறினர்? “அடிமை முறைக்காக அல்ல, மாநில உரிமைக்காகவே போரிட்டோம்” என்றனர். ஆனால் மறுப்பு எழுதுவதற்காக எதிர்ப்பாளர் ஒருவர் கேட்டு வாங்கிய படி பிழைத்திருந்தது! அது அந்த நூல் வரிசையில் அச்சேறியது. மாநில உரிமையே உயிர் என்றால், அடிமையை விடுவித்து அதைக் காப்போம் என்றவரின் வாயை அடைத்தது ஏன்? விடையைச் சொன்னது அந்த ஒற்றைப் படி.

அதே அமெரிக்காவில் 2025 மார்ச்சில் நடந்தது என்ன? ஏமன் மீது குண்டு வீசும் திட்டத்தைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் உள்ளிட்டோர் ‘சிக்னல்’ என்னும் கைப்பேசிச் செயலியில் பேசினர். தவறுதலாக ஒரு பத்திரிகை ஆசிரியரும் அக்குழுவில் சேர்க்கப்பட்டதால் செய்தி வெளியே வந்தது. சில செய்திகள் குறித்த காலத்தில் தாமாகவே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காக்குமாறு நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் ஆணையிட வேண்டியதாயிற்று!

போர்க்கால இரகசியம் தேவை என்பர். மறுக்கவில்லை நாம். பூட்டி வையுங்கள், காலம் வந்ததும் திறங்கள். பூட்டுவது வேறு, கொளுத்துவது வேறு அல்லவா?

டேவிஸ் ஒரு மடலை மறைக்க ஆணையிட்டும் ஒரு படி தப்பியது. தானே அழியும் செய்திக்குப் படி ஏது? எவன் ஆணையால் குண்டு விழுந்தது என்று நாளைய தலைமுறை கேட்கும். அப்போது காட்ட ஒரு தாளாவது இருக்க வேண்டும். அந்தத் தாளைக் காப்பது அரசு காட்டும் கருணையன்று. மக்களுக்கு அது பட்ட கடன் என்போம்.